அவள் திறந்த வாசலில் ஊரே நுழைந்தது

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை வேளையில் நடந்தால் மூக்குதான் முதலில் வழி சொல்லும். மிளகு, மஞ்சள், சுக்கு, காய்ந்த மிளகாய். ஓடு வேய்ந்த பழைய கிடங்குகளை இங்கே ‘பாண்டிகசாலை’ என்பார்கள், நம்முடைய பண்டகசாலைதான். உள்முற்றத்தில் இஞ்சி காயும். அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து பெண்கள் புடைப்பார்கள், சலிப்பார்கள், தரம் பிரித்துச் சாக்கில் கட்டுவார்கள். கொச்சிச் சுக்கு பல தலைமுறையாகப் பெண்ணின் கை பட்டுத்தான் கப்பலேறியது. இந்தத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் போர்ச்சுகீசியரை எழுதினார்கள், டச்சுக்காரரை எழுதினார்கள், யூத வணிகரையும் குஜராத்திச் சேட்டுகளையும் எழுதினார்கள். முறம் பிடித்தவளின் பெயர் ஏட்டில் ஏறியது அரிது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கிறது. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. பிறகு டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் நின்றுவிட்டது. இந்த அரண்மனையின் மன்னருக்குப் பின் அவருடைய மகன் பட்டத்துக்கு வரமாட்டான். சகோதரியின் மகன்தான் வருவான். அரச குலமே பெண்வழியில் ஓடியது.

பெண்ணுக்கு விடுதலையும் சமத்துவமும் கிடைத்தால் சமூகம் என்ன பெறும் என்ற கேள்வியை ஆராய இந்த இடம் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பெண்ணின் பெயரால் நடந்த வழக்கமும் இங்கே இருந்தது. பெண் தானே போராடி வாங்கிய உரிமையும் இங்கே இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டும் ஊருக்குத் தந்த பலன்களும் ஒன்றல்ல.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். மருமக்கத்தாயம் என்ற இந்தப் பெண்வழி முறையில் சொத்து தாய்வழி வரும்; ஆனால் ஆட்சி தாய்மாமனாகிய காரணவரின் கையில் இருக்கும். சாவிக்கொத்து அவர் இடுப்பில். வயலைக் குத்தகைக்கு விடுவதும், சகோதரியின் மகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவர்தான். தமிழர்களுக்கு இது தெரியாத கதையல்ல. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடம் இதே முறை இருந்தது. அதில் பெண்ணும் பிள்ளைகளும் பட்ட பாட்டைத்தான் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’மாக எழுதினார். ஆகவே பெண்வழிக் குலம் என்றதும் பெண்ணாட்சி என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனாலும் அந்த முறை ஒரு நல்லதைச் செய்தது. பெண் குழந்தை பிறந்தால் வீடு இருண்டுபோகவில்லை. குலம் தழைக்க அவள் தேவை. அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் சுமையாக யாரும் பார்க்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,000 ஆண்களுக்கு 1,084 பெண்கள், இந்தியா முழுக்க 943, தமிழ்நாட்டில் 996. ஆண்கள் வெளிநாடு போனதும் கேரளக் கணக்கில் ஓரளவு சேரும் என்பது உண்மைதான். அதைக் கழித்துப் பார்த்தாலும், கருவிலும் தொட்டிலிலும் பெண்ணைத் தொலைக்காத சமூகம் இது என்ற முடிவு மாறாது. 1990இல் அமர்த்தியா சென் உலகில் 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் ‘காணாமல் போயிருக்கிறார்கள்’ என்று எழுதியபோது, மாற்று எடுத்துக்காட்டாகக் காட்டியது கேரளத்தைத்தான்.

அதே கொச்சி நாட்டில், அதே காலத்தில், நம்பூதிரி இல்லங்களில் பெண்ணின் நிலை எதிர்க்கோடியில் இருந்தது. அங்கே மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் மணம் முடிக்கலாம். எனவே பெண்களில் பலர் கிழவருக்கு மூன்றாம், நான்காம் மனைவியானார்கள். பலர் கன்னியாகவே இறந்தார்கள். அவர்களை அழைத்த ‘அந்தர்ஜனம்’ என்ற பெயருக்கே உள்ளே இருப்பவர் என்றுதான் பொருள். வெளியே வந்தால் மறைக்குடை. நடத்தையில் ஐயம் எழுந்தால் ஸ்மார்த்த விசாரம் என்ற சாதி விசாரணை. அந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைப் பெயர் சொல்லிக்கூட அழைக்க மாட்டார்கள். ‘சாதனம்’ என்பார்கள். பொருள், பண்டம்.

1905இல் குறியேடத்து தாத்ரி என்ற பெண்ணை அப்படி நிறுத்தினார்கள். அவள் வாய் திறந்தாள். தன்னோடு தொடர்புடைய ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, அடையாளத்தோடு சொன்னாள். திருப்பூணித்துறையில் மன்னரின் மேற்பார்வையில் விசாரணை தொடர்ந்தது. 60க்கும் மேற்பட்ட ஆண்கள் சாதியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களில் பண்டிதர்களும் புகழ்பெற்ற கதகளிக் கலைஞரும் இருந்தார்கள். தாத்ரியின் கதையை வம்பாகச் சொல்லிச் சிரிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. எனக்கு அதில் தெரிவது வேறு. பெண்ணைப் பூட்டிவைத்த வீடு ஆணையும் காப்பாற்றவில்லை. இளைய மகன்களுக்குத் தம் சமூகத்தில் மனைவி இல்லை, தம் பிள்ளைகள் மேல் உரிமை இல்லை, சொத்தில் குரல் இல்லை. அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்தவர் மூத்தவர் ஒருவர்தான்.

1929இல் வி.டி. பட்டதிரிப்பாட்டின் ‘அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு’ (சமையலறையிலிருந்து மேடைக்கு) நாடகம் மேடையேறியது. 1930களில் வந்த நம்பூதிரிச் சட்டங்கள் இளைய மகன்களுக்கும் சொந்தச் சாதியில் திருமணம் செய்யும் உரிமையைத் தந்தன. அந்தர்ஜனங்கள் மறைக்குடையை எறிந்தார்கள். 1948இல் தாங்களே சேர்ந்து ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ என்ற நாடகத்தை எழுதி நடித்தார்கள். சமையலறையிலிருந்து மேடைக்கு வந்தால் போதாது, உழைத்துச் சம்பாதிக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது அந்த நாடகம் சொன்ன செய்தி. பெண் வெளியே வந்த அதே கதவின் வழியாகத்தான் இளைய நம்பூதிரியும் வெளியே வந்தார். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பக் காட்ட விரும்புவது இதைத்தான்: பெண் தனக்கென்று தட்டித் திறந்த கதவு அவளுக்கு மட்டும் திறந்ததில்லை.

1912ஆம் ஆண்டு கொச்சிக் காயலின் இரு கரைகளில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஒருத்தி முளவுகாடு தீவில், புலையர் குடும்பத்தில். இன்னொருத்தி மட்டாஞ்சேரி யூதத் தெருவில்.

முளவுகாட்டுக் குழந்தைக்கு தாட்சாயணி என்று பெயர் வைத்தார்கள். புலையர் வீட்டுப் பெண்ணுக்கு அப்படிப் புராணப் பெயர் வைப்பதே அன்று துணிச்சல். அவள் பிறந்த மறு ஆண்டு, 1913இல், கொச்சிப் புலையர்கள் கூடிப் பேச ஓர் இடம் தேடினார்கள். கரையில் எந்த மண்ணிலும் அவர்கள் கூட்டம் போட முடியாது. எனவே தோணிகளைக் காயலில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, தண்ணீரின் மேல் கூடினார்கள். ‘காயல் சம்மேளனம்’ என்று வரலாறு அதைச் சொல்கிறது. தாட்சாயணியின் குடும்பத்தைச் சேர்ந்த கிருஷ்ணாதியும் பண்டிட் கருப்பனும் அதை முன்னின்று நடத்தினார்கள்.

தாட்சாயணி மேலாடை அணிந்து பள்ளிக்குப் போனாள். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தாள். ஆய்வுக்கூடத்தில் சோதனைகளை அருகே நின்று பார்க்க அவளை விடவில்லை. தொலைவில் நின்று பார்த்துக் கற்றாள். 1935இல் பட்டம் பெற்றாள். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர். பிறகு ஆசிரியர், 1945இல் கொச்சிச் சட்டமன்ற உறுப்பினர், 1946இல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர். அந்தச் சபையில் இருந்த 15 பெண்களில் ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்தபோது அவர் எழுந்து பேசினார். அந்தப் பிரிவுதான் இன்றைய அரசமைப்பின் 17ஆம் பிரிவு. அதன் பயன் புலையப் பெண்ணோடு நின்றதா? இந்த நாட்டில் ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் ஆணும் பெண்ணும் அதன் நிழலில் நிற்கிறார்கள்.

யூதத் தெருக் குழந்தையின் பெயர் ரூபி டேனியல். 1568இல் கட்டிய பரதேசி யூதக் கோயில் அவள் வீட்டருகே. ஆனால் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழி வந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அவர்களுக்குக் கோயிலுக்குள் சம இடம் இல்லை. வாசல் மண்டபத்தில்தான் உட்கார வேண்டும். சென்னையில் சட்டம் படித்த ஏ.பி. சேலம் அதை எதிர்த்துக் காந்திய வழியில் போராடினார். ‘யூத காந்தி’ என்றே அவரை அழைத்தார்கள். ரூபி படித்தாள். நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்தாள். இரண்டாம் உலகப் போரில் பெண்கள் படைப்பிரிவில் சேர்ந்தாள். 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தாள்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கொச்சி யூத ஆண்களின் வழிபாட்டு மொழி எபிரேயம். பெண்கள் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். திருமணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் முன்னிலையிலேயே அவர்கள் மலையாளப் பாட்டுப் பாடினார்கள். பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்தார்கள். தாயின் நோட்டைப் பார்த்து மகள் எழுதினாள், மகளின் நோட்டைப் பார்த்துப் பேத்தி எழுதினாள். 1950களில் சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது பாத்திரம் பண்டங்களோடு அந்த நோட்டுகளும் போயின. பின்னாளில் பார்பரா ஜான்சன், ஸ்கறியா சக்கறியா, ஒஃபிரா கம்லியேல் போன்ற ஆய்வாளர்கள் தேடியபோது, ஊரின் பழங்கதை, எந்தக் கோயிலை யார் கட்டினார்கள் என்ற நினைவு, பழைய மலையாளத்தின் சொற்கள் எல்லாம் அந்த நோட்டுகளில் கிடைத்தன. 2005இல் ‘கார்குழலி’ என்ற தொகுப்பு வந்தது. ரூபி டேனியலே பல பாட்டுகளை மொழிபெயர்த்தார். தன் வாழ்க்கையையும் பார்பரா ஜான்சனோடு சேர்ந்து நூலாக்கினார்.

பெண் கல்வியின் பயனைப் பேசும்போது சத்துணவையும் தடுப்பூசியையும் சொல்கிறோம். சரிதான். ஆனால் ஒரு சமூகம் இடம்பெயர்ந்து கரைந்து போகும்போது அதன் நினைவைக் காப்பாற்றியது எழுதத் தெரிந்த பெண்ணின் கை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எழுத்தறியாத பாட்டிகளோடு மண்ணுக்குள் போன தமிழ்ப் பாட்டுகளையும் கதைகளையும் மருத்துவத்தையும் எண்ணிப் பார்த்தால் நாம் இழந்தது எவ்வளவு என்று தெரியும்.

இனி, எண்களால் சொல்லக்கூடிய பயன்களுக்கு வருகிறேன்.

1989 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தின. சம்பளம் வாங்காத தொண்டர்கள் சுமார் 20,000 பேர்; கற்பித்தவர்களிலும் கற்றவர்களிலும் பெண்களே பெரும்பாலோர். வயதானவர்களுக்கு எழுத்து தெரியாததற்கு முன் கண்ணே சரியாகத் தெரியவில்லை என்று கண்டு, ஊராரிடம் ஆயிரக்கணக்கில் மூக்குக்கண்ணாடி திரட்டிக் கொடுத்தார்கள். 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் எர்ணாகுளத்தை இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவித்தார். அந்த வெற்றியைப் பார்த்துத்தான் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் பிறந்தது. புதுக்கோட்டையில் 1991 முதல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. குவாரித் தொழிலாளி, கூலிப் பெண், பள்ளி ஆசிரியை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், கணவனோ மகனோ கொண்டுபோய் விடட்டும் என்று உட்கார்ந்திருந்தவள், காய்கறிக் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு தானே சந்தைக்குப் போனாள். அவள் நேரம் மிச்சமானது. கொண்டுபோய் விட்டவனின் நேரமும் மிச்சமானது.

படித்த தாயின் பயன் தொட்டிலில் தெரியும். 2020 கணக்கின்படி, பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. ஒரு லட்சம் பிரசவத்தில் தாய் இறப்பது 2018–20 கணக்கில் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. கேரளம் பணக்கார மாநிலமாக இருந்து இதை எட்டவில்லை. 1986இல் ஜான் கால்டுவெல் (நம் பிஷப் கால்டுவெல் அல்ல, ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர்) வருமானம் குறைந்தும் மக்களை நீண்ட நாள் வாழவைத்த இடங்களாகக் கேரளத்தையும் இலங்கையையும் கோஸ்டாரிகாவையும் எடுத்து ஆராய்ந்தார். மூன்றுக்கும் பொதுவாக அவர் கண்டது பெண்ணின் தன்னுரிமை. மருத்துவமனை இருந்தால் மட்டும் போதாது. நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது, மாமியாரையும் கணவனையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓட அவளுக்கு உரிமை வேண்டும். அங்கே போய், “டாக்டர், இது சாதாரணச் சளி இல்லை” என்று சொல்ல அவளுக்கு வாய் வேண்டும்.

மக்கள்தொகை விஷயத்தில் எர்ணாகுளமே இரு வழிகளையும் கண்ட ஊர். 1971 ஜூலையில் இங்கே நடந்த மாபெரும் முகாமில் ஒரே மாதத்தில் சுமார் 63,000 ஆண்களுக்குக் கருத்தடை செய்தார்கள். ஊக்கத்தொகையும் பரிசும் தந்தார்கள். நாடே அதைப் பார்த்து முகாம் போட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் அந்த வேகம் பலவந்தமாக மாறி வட இந்தியாவில் மக்களை ஓட ஓட விரட்டியது. கேரளத்தில் பிறப்பு விகிதம் நிலையாகக் குறைந்ததற்கு முகாம் காரணமல்ல. பெண்கள் பள்ளியில் கூடுதல் ஆண்டுகள் இருந்தார்கள். திருமண வயது தள்ளிப்போனது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1979இல் ஒரு பெண்ணுக்கு 3 குழந்தை என்றிருந்தது 1991இல் 1.8 ஆனது. அதே காலத்தில் ஒற்றைக் குழந்தைச் சட்டத்தோடு சீனா 2.8இலிருந்து 2.0க்குத்தான் வந்தது என்று சென் எடுத்துக்காட்டுகிறார். பெண்ணிடம் முடிவை விட்ட ஊர், முடிவைப் பறித்த நாட்டைவிட முன்னே போனது.

சொத்து விஷயம் இன்னும் கூர்மையானது. பெண்வழி நாட்டிலேயே கிறிஸ்தவ மகளுக்கு நியாயம் கிடைக்கவில்லை. 1916இன் திருவிதாங்கூர் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. கொச்சிச் சட்டம் கொஞ்சம் தாராளம்: மூன்றில் ஒரு பங்கு. கோட்டயத்து மேரி ராய், ஊட்டியில் தந்தை வீட்டில் தங்கியிருந்தவர், தன் பங்கு கேட்டு உச்சநீதிமன்றம் போனார். 1986இல் தீர்ப்பு வந்தது: மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. திருச்சபைகள் கொதித்தன, குடும்பங்கள் உடையும் என்றார்கள். குடும்பங்கள் உடையவில்லை.

சொத்து பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்குக் கேரளத்திலேயே ஓர் ஆய்வு உண்டு. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்தது, 2005இல் வெளிவந்தது. வீடோ நிலமோ இல்லாத மனைவியரில் 49 சதவீதம் பேர் கணவனிடம் நெடுநாள் அடி வாங்கியவர்கள். இரண்டும் சொந்தமாக உள்ளவர்களில் அது 7 சதவீதம். இந்த இரண்டு எண்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு பத்திரத்தில் அவள் பெயர் ஏறினால் அவள் மேல் விழும் கை தயங்குகிறது. அடி விழாத வீட்டில் வளரும் பையன் அடிக்காதவனாக வளர்வதற்கு வழி பிறக்கிறது. காவல் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை என்று எத்தனை இடத்தில் சமூகம் செலவழிப்பதை ஒரு சார்பதிவாளர் கையெழுத்து தடுத்துவிடுகிறது!

கேரளத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது நேர்மையல்ல. 92 சதவீதப் பெண்கள் எழுத்தறிந்த மாநிலத்தில், படித்துவிட்டு வேலை கிடைக்காத பெண்களின் விகிதம் ஆண்களுடையதைவிட மிக அதிகம். படித்த பெண்ணுக்கே தங்கமும் காரும் வரதட்சணையாகப் போகின்றன. அதற்காகப் பெண்கள் செத்தும் இருக்கிறார்கள். 2017இல் கொச்சியில் ஒரு நடிகைக்கு இழைத்த கொடுமைக்குப் பிறகுதான் திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டார்கள். அதன் விளைவாக அமைந்த ஹேமா குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் அரசின் கைக்கு வந்தும், மக்கள் பார்வைக்கு வந்தது 2024 ஆகஸ்டில். கல்வி கதவு வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்கு அப்பால் ஊதியமும் பாதுகாப்பும் சொத்தும் இல்லாவிட்டால் அவள் வாசற்படியிலேயே நிற்கிறாள். நாம் பெறும் பயனும் அங்கேயே நின்றுவிடுகிறது.

வேலைத்தலங்களில் பெண்கள் எழுப்பிய இரண்டு போராட்டங்களை மட்டும் இங்கே சொல்கிறேன். இரண்டும் தமிழர்களுக்கு நெருக்கமானவை.

முதலாவது, உட்காரும் உரிமை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். விஜி என்பவர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு முதலில் கழிப்பறை கேட்டது, பிறகு நாற்காலி கேட்டது. கேட்டதற்கு வேலை நீக்கமும் கேலியும் கிடைத்தன. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. 2021இல் தமிழ்நாடு அதையே சட்டமாக்கியது. இன்று தியாகராய நகர் ஜவுளிக் கடையில் நரம்பு புடைத்த காலோடு நிற்கும் ஆண் விற்பனையாளரும் கொஞ்சம் உட்காரலாம் என்றால், அந்த நாற்காலியைக் கோழிக்கோட்டுப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள்.

இரண்டாவது, மூணாறு. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்க் குடும்பத்தவர், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் நடத்திய எல்லாச் சங்கங்களையும் ஒதுக்கி, ‘பெண்பிளை ஒருமை’ என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். தலைவர்கள் சமாதானம் பேச வந்தபோது திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதமும் திரும்பி வந்தது. அது பெண்களுக்கு மட்டுமா வந்தது? தோட்டத்து ஆண்களின் கையிலும் அதே தொகை விழுந்தது. மட்டாஞ்சேரி 1953 செப்டம்பர் 15 துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த துறைமுகத் தொழிலாளர்களை இன்றும் நினைவுகூர்கிறது. மூணாற்றுப் பெண்களையும் அதே வரிசையில் வைத்து எண்ணும் நாள் வர வேண்டும்.

ஆட்சியில் பெண் அமர்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2004இல் எஸ்தர் டுஃப்லோவும் ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் வெளியிட்ட ஆய்வு மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஒதுக்கீட்டில் வந்த பெண் தலைவர்களைப் பார்த்தது. பெண் தலைவர் உள்ள ஊரில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள். குடத்தோடு நின்றவளுக்குத்தான் குழாயின் அருமை தெரியும். குழாய் வந்தபின் எல்லார் தாகமும் தீர்கிறது. கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்பில் சுமார் 45 லட்சம் பெண்கள் இருக்கிறார்கள். பல பஞ்சாயத்துத் தலைவிகள் அதன் கூட்டங்களில்தான் முதன்முதலில் எழுந்து நின்று பேசிப் பழகினார்கள். 2017இல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நிலையங்களின் பணிகள் பலவற்றைக் குடும்பஸ்ரீப் பெண்களே ஏற்றார்கள். 1959இல் கேரள உயர்நீதிமன்றத்தில் அமர்ந்த அன்னா சாண்டி இந்தியாவின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதி. அதே எர்ணாகுளத்து உயர்நீதிமன்றத்திலிருந்து போன பாத்திமா பீவி 1989இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நம் மாநிலத்துக்கு ஆளுநராகவும் வந்தார்.

இத்தனை பயன்களை அடுக்கிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆணின் சுதந்திரத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை. பெண்ணுக்கு மட்டும் கேட்கிறோம். ஒரு பயனும் இல்லையென்றாலும் அவள் உரிமை அவளுடையதுதான். தாட்சாயணி தோணிக் கூட்டத்தின் பிள்ளையாக வளர்ந்து வேதியியல் படித்தது நாட்டின் குழந்தை இறப்பைக் குறைக்க அல்ல. அவருக்கு வேதியியல் பிடித்திருந்தால் அதுவே போதுமான காரணம். எண்களை நான் இங்கே வைத்தது, உரிமை என்ற சொல்லுக்கு இன்னும் காது கொடுக்காதவர்களுக்காக. அவர்களும் தங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிழைக்க வேண்டும் என்றுதான் விரும்புவார்கள்.

படிப்பைப் பற்றி இனிமேல் பெரிதாக வாதாட வேண்டியதில்லை; நம் பெண்கள் அதை வென்றுவிட்டார்கள். வெல்லாதது சொத்து. சட்டம் நம்மிடம் குறைவில்லை: தமிழ்நாடு 1989இலேயே இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது, நாடு முழுக்க அது 2005இல் வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் ‘சீர்வரிசை செய்தாயிற்றே’ என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதத்துக்கு வைத்த பெயர் ‘விடுதலை’.

இதைப் படிக்கும் அண்ணன்மாரிடமும் அப்பாக்களிடமும் ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயரோ மகளின் பெயரோ அதில் இல்லையென்றால் சேர்க்க வழி தேடுங்கள். தங்கையிடம் கையெழுத்து கேட்கப் போகிறீர்கள் என்றால், போகாதீர்கள். அவள் பங்கை அளந்து கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.